ஜிசிசி செய்த சட்டப்படியான கொலை

2009 ஜூனில் லினக்ஸ் கெர்னல் 2.6.30 வெளிவந்தது. அதற்குள் ‘டன்’ என்றொரு டிரைவர். விபிஎன் ஆசாமிகளுக்கு இல்லாத நெட்வொர்க் கார்டை இருப்பதாகக் காட்டுவது அதன் உத்தியோகம். அதில் ஒரு புண்ணியவான் முதலில் பாயின்டருக்குள் கையை விட்டு சாக்கெட்டை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான், “பாயின்டர் காலியா? அப்படியானால் திரும்பிப் போ” என்று விசாரித்தார். மூக்குப் பிடிக்கத் தின்று கை கழுவியபின், “சோறு வெந்துடுச்சா?” என்று கேட்ட கதை.

ஜிசிசி கம்பைலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தீர்ப்பு எழுதியது: “சி மொழிச் சட்டப்படி காலிப் பாயின்டரைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே கிடையாது. யோக்கியமான புரோகிராமர் அதைத் தொட மாட்டார். இவர் தொட்டிருக்கிறார். ஆகவே அது காலியாக இருக்க முடியாது. ஆகவே இந்தச் சோதனை தண்டம்.” சீட்டுக் கிழிந்தது. ஒரு எச்சரிக்கை, ஒரு முணுமுணுப்பு? மூச்! சோர்ஸ் கோடைப் படித்தவர்களுக்குக் காவல் நின்றது. பைனரியில் ஆளே இல்லை.

பூஜ்ய முகவரியைத் தொட்டால் கெர்னல் கவிழ்ந்துவிடும், மானம் போவதோடு சரி. ஆனால் அந்த முகவரியிலேயே ஒருவன் தன் மெமரிப் பக்கத்தை விரித்து வைத்தால்? ஜூலையில் ‘ஜிஆர்செக்யூரிட்டி’ என்ற கெர்னல் பாதுகாப்புத் திட்டத்தின் பிராட் ஸ்பெங்லர் அதைச் செய்து காட்டினார். கெர்னல் அவர் பரிமாறியதை நம்பி விழுங்கியது. சாதாரண யூசர் ரூட் ஆனான்.

அடிமட்ட முகவரிகளை யாரும் பிடிக்காதபடி ஒரு தடை இருக்கத்தான் செய்தது. பாதுகாப்புக்கென்றே அமெரிக்க என்எஸ்ஏ பெற்றெடுத்த எஸ்இலினக்ஸ் இருக்கிறதே, அது ரெட்ஹேட் வகுத்த கொள்கைப்படி, “தாராளமாப் போங்க தம்பி” என்று வழிவிட்டது!

பிறகு பஞ்சாயத்து. கெர்னல்காரர்கள் ஜிசிசியைத் திட்ட, ஜிசிசி பக்கத்தார் சட்டப் புத்தகத்தைக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், வரிசை மாற்றி எழுதியது தப்புதான். அதற்காகக் கேள்வி கேட்டவனையே தூக்குவதா?

ஒரு வரியைக் கீழே இறக்கியதில் ஓட்டை அடைபட்டது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. “காலிப் பாயின்டர் சோதனைகளில் கை வைக்காதே” என்ற ஆணையைக் கெர்னலின் மேக்ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். பிற்பாடு கெர்னலைக் கம்பைல் செய்ய வந்த கிளாங்கும் அதே ஆணைக்குத் தலையாட்டப் பழகிக்கொண்டது.