கட்டுநாயக்காவிலிருந்து கிழக்கே போகப் போக: பயிற்சிக்குப் போன பொடியனின் செல்வாக்கு பற்றிய ஓர் ஆய்வு

விமான நிறுவனமொன்றில் உள்ளகப் பயிற்சி பெறும் மாணவனின் செல்வாக்கு, அவன் நிற்கும் கவுண்டரிலிருந்து நாம் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவுக்குக் கூடும். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். கட்டுநாயக்காவில் அது பூச்சியம். கண்டியில் லேசாகத் தலை தூக்கும். மகியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்கும்போது வேகம் பிடித்து, சாய்ந்தமருதை எட்டுகையில் அவன் ஓடுபாதையில் உருளும் விமானத்தையே கைதட்டி நிறுத்த வல்லவனாகிவிடுகிறான்.

ஆய்வுக்குட்பட்ட பொடியன் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிப்பவன். எயார்லைனில் அவன் ஆற்றும் பணி, வரிசையில் நிற்பவர்களிடம் "பாஸ்போட்டக் கையில வெச்சுக்கங்க" என்று சொல்வதும், ஆளில்லாத ட்ரொலிகளை ஓரங்கட்டுவதும்தான். கழுத்தில் ஒரு தற்காலிக அட்டை. அந்த அட்டையோடு எடுத்த படத்தை அவனுடைய உம்மா குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட இரவிலிருந்து எமக்குத் தரவுப் பஞ்சம் இருக்கவில்லை.

ஒரு நிறுவனத்தில் அக்கறையுள்ள தரப்பினரை எடை போட, மிச்செல், ஏகல், வுட் ஆகிய மூவரும் 1997இல் மூன்று அளவுகோல்களை வைத்தார்கள்: அதிகாரம், உரிமை, அவசரம். மூன்றில் எது எது யாரிடம் இருக்கிறது என்று பார்த்து ஏழு வகையாகப் பிரித்தார்கள். அவசரம் மட்டுமே உள்ளவர்களை, முகாமையாளரின் காதருகே ரீங்கரிக்கும் நுளம்புகள் என்றார்கள். அவர்கள் கல்முனைக்கு வந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு எடுத்து, "மச்சான், அந்த ரியாத் பிளைட்டக் கொஞ்சம் புடிச்சி வெக்கச் சொல்லு, வேன் இப்பதான் மாவனல்ல தாண்டுது" என்பவரை இதைவிடத் துல்லியமாக வகைப்படுத்த முடியாது.

உரிமை மட்டும் உள்ளவர் வாப்பா. படிப்புக்குச் செலவழித்தவர், கேட்க எல்லா நியாயமும் உண்டு, ஆனால் ஒன்றும் கேட்கமாட்டார். கடைத்தெருவில் யாரோ கேட்கும்போது மட்டும் "மகன் எயார்லைன்ல" என்பார். பயிற்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு அதிகாரமும் உரிமையும் உண்டு, அவசரம் உம்றாக் குழு புறப்படும் மாதத்தில் மட்டும்.

வகைப்பாடு திணறுவது, பேசிவைத்திருக்கும் பெண்ணின் தாயாரிடத்தில். இந்தக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே குடிபுக வேண்டும். ஆகவே மாமியின் அதிகாரம் கல்லிலும் சீமெந்திலும் எழும்பி நிற்கிறது. அவருடைய அவசரம் தொலைபேசிப் பதிவில் இருக்கிறது. உரிமை மட்டும் நிக்காஹ் எழுதும்வரை பாக்கி. அதிகாரமும் அவசரமும் இருந்து உரிமை இல்லாத தரப்பை மேற்படி மூவரும் 'ஆபத்தானவர்' என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். இதற்கு நாம் பொறுப்பல்ல.

மாமியின் கோரிக்கை சிறியது. ரியாத் போகும் தன் மகனின் பெட்டியில் "கூடக்குறைய இருந்தா" பார்த்துக்கொள்ள வேண்டும். பொடியன் தன் கையில் ஒன்றுமில்லை என்பதை நிறுவ, வரலாற்றைத் துணைக்கழைத்தான். 1979இல் எயார்லங்காவாகப் பறக்கத் தொடங்கிய நமது தேசிய விமான சேவையை 1998 முதல் எமிரேட்ஸ் நிர்வகித்து வந்தது. 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் குழுவுக்கு ஆசனம் கேட்கப்பட்டபோது, டிக்கட் வாங்கிய பயணிகளை இறக்க முடியாதென்றது நிர்வாகம். தலைமை நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. அடுத்த ஆண்டு எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது, நீடிக்கப்படவில்லை. 2010இல் தம்மிடமிருந்த 43.63 வீதப் பங்கை அரசாங்கத்துக்கே விற்றுவிட்டுப் போனார்கள். கேட்ட இடத்தில் பலிக்காத அதிகாரம் வேறொரு திணைக்களத்தின் வழியாக வந்து சேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த முகாமைத்துவப் பாடநூலிலும் கிடையாது.

"ஜனாதிபதிக்கே சீட் குடுக்கல்ல மாமி" என்று முடித்தான்.

"அவருக்கு உள்ளுக்குள்ள நம்மட ஆள் ஒருத்தரும் இல்லயே மகன்" என்றார் மாமி.

பெட்டி தராசில் ஏறியது. 34 கிலோ. டிக்கட்டில் அனுமதி 30. மேலதிகக் கிலோவுக்குக் காசு கட்டலாம் என்றாலும், ஒற்றைப் பெட்டி 32ஐத் தாண்டினால் காசுக்கும் ஏற்றமாட்டார்கள். தூக்குகிறவனின் முதுகுக்காக வைத்த எல்லை அது. விமானத்தின் அடிவயிற்றில் குனிந்து நின்று பெட்டி அடுக்கும் அந்த மனிதனை வட்ஸ்அப் குழுவில் யாருக்கும் தெரியாது. சிபாரிசுக்கும் யாரும் தேடுவதில்லை. தராசில் விழும் எடை லோட் ஷீட்டுக்குப் போய், கப்டனின் பார்வைக்குப் போகிறது. பொடியன் அந்தப் பாதையில் எங்குமே இல்லை.

பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்தார்கள். ஒரு குடும்பத்தின் செல்வாக்கு வரிசையை அறிய விரும்பும் ஆய்வாளர் கேள்விக்கொத்து தயாரிக்கத் தேவையில்லை; எது முதலில் வெளியே வருகிறதென்று பார்த்தால் போதும். தொதல் அசையவில்லை, அது மூத்தம்மா கிண்டியது. ரியாத் அறையில் இருக்கும் நண்பனுக்கு அவனுடைய உம்மா கொடுத்தனுப்பிய மாசிப் பொதியைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை, ஊரில் முகம் பார்க்க வேண்டும். மருதமுனைச் சாரன் இரண்டும் முதலாளிக்கு. மிளகாய்த்தூள் பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் வெளியே வந்தவை பயணம் போகிறவனுடைய சேட்டுகளும் சப்பாத்தும்தான். மூன்று சேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு நின்றான். செருப்பு வேனோடு ஊருக்குத் திரும்பியது. தராசு 30.4 காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் பட்டியை ஒட்டினாள்.

இதில் பொடியன் செய்தது, சிப்பைப் பூட்டும்போது பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது மட்டும்.

வேன் கேகாலையைக் கடக்கும்போது மாமி எடுத்த முதல் அழைப்பில், "மருமகன் பேசித்தான் உட்டாங்க." மகியங்கனையில், நாலு கிலோவுக்கும் காசு எடுக்கவில்லை. அம்பாறையில், மனேஜரே எழும்பி வந்தார். சாய்ந்தமருதில் என்ன சொல்லப்பட்டதென்ற பதிவு எம்மிடம் இல்லை. ஆனால் மறுநாள் சுபஹுக்குப் பிறகு நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒருவர் பொடியனுக்கு எடுத்து, உம்றாக் குழுவில் எல்லோருக்கும் ஜன்னல் பக்கச் சீட் கிடைக்குமா என்று கேட்டார்.