நாற்காலிக் கொள்கை: ராக் மேடையில் ‘அக்கூஸ்டிக்’ ஆவது யாது?

‘இன்று அக்கூஸ்டிக் நிகழ்ச்சி’ என்று ஒரு ராக் குழு அறிவித்தால், அந்த மேடைக்கு முதலில் வந்து சேர்பவை கேபிள் சுருள்கள். ஆளுக்கொரு மைக், கிடாருக்குள் பிக்கப், காலடியில் மானிட்டர், ஓரத்தில் மிக்ஸர், தலைக்கு மேல் விளக்குகள், சுற்றிலும் கேமராக்கள். எல்லாவற்றுக்கும் மின் இணைப்பு கொடுத்து முடித்தபின் பாடகர் ஸ்டூலில் வந்து அமர்கிறார். இன்று மின்சாரத்தைத் துறந்துவிட்டோம் என்ற பாவனையில் மெல்லச் செருமுகிறார். கூட்டம் உருகிக் கைதட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. அப்படியானால் அங்கே துறக்கப்பட்டது எது? ஆன்றோர் இதுவரை இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது இசையியலுக்கு நேர்ந்த பேரிழப்பு. அதை ஈடுசெய்யவே இக்கட்டுரை.

‘மின்சாரம் படாத இசையே அக்கூஸ்டிக்’ என்பது பாமரர் கூறும் இலக்கணம். இதைச் சோதிக்கத் தமிழ் வாசகருக்கு நன்கு பழக்கமான ஒரு கருவி உண்டு. அதற்கு ‘மின்வெட்டுச் சோதனை’ என்று பெயரிடுகிறோம். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் யார் சத்தம் கேட்கிறதோ அவர் அக்கூஸ்டிக். யார் வாய் மட்டும் அசைகிறதோ அவர் எலெக்ட்ரிக்.

சோதனை எளிதுதான், முடிவுகள்தாம் சங்கடமானவை. 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்த ரிச்சி ஹேவன்ஸின் கையில் இருந்தது அக்கூஸ்டிக் கிடார். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். மின்சாரம் போயிருந்தால் அந்தக் கிடார் முதல் சில வரிசைகளுக்குக் கேட்டிருக்கும். மலைச்சரிவில் நிரம்பிக் கிடந்த மற்றவர்கள் தாடி வைத்த ஒருவர் ஆவேசமாகத் தொடையருகே சொறிந்துகொள்வதைத்தான் கண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஹேவன்ஸ் கேட்டது ஒலிப்பொறியாளர் பில் ஹேன்லி நிறுத்திவைத்த ஒலிபெருக்கிக் கோபுரங்கள் வழியாக. எனவே அதே கிடார், அதே நொடியில், முன்வரிசைக்கு அக்கூஸ்டிக், பின்வரிசைக்கு எலெக்ட்ரிக். சீட்டு விலையைப் பொறுத்து ஒரு கருவியின் சாதி மாறுவதை எந்த இலக்கணமும் ஏற்காது.

மேடை கிடாரின் வயிற்றைத் திறந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று கண்டார்கள். கம்பிகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டுக்கு அடியில் அத்தகைய பொருளொன்றை ஒளித்துவைப்பதே இன்றைய அக்கூஸ்டிக் கிடாரின் மேடை ரகசியம். இந்த வழக்கத்தைப் பரப்பியதில் ஓவேஷன் கிடாருக்குப் பெரும் பங்குண்டு. அதை உருவாக்கிய சார்லஸ் கேமனின் தொழில் ஹெலிகாப்டர் கட்டுவது. ஹெலிகாப்டரில் அதிர்வைக் குறைக்கக் கற்றவர்கள், கிடாரில் அதிர்வைக் கூட்டுவதற்கு உட்கார்ந்தார்கள். விளைவு: மின்சாரமே வேண்டாம் என்று வந்த கருவி, தானே சிறிதளவு மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது. அந்தச் சிற்றளவைத் தூக்கிவிட உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரியும் பெரும்பாலும் இருக்கும். சாதாரண எலெக்ட்ரிக் கிடாருக்குள்ளோ பேட்டரி கிடையாது. காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். ஆக, பேட்டரி போட்டு ஓடுவது அக்கூஸ்டிக், போடாமல் ஓடுவது எலெக்ட்ரிக். இந்த இடத்தில் பாமர இலக்கணத்தை மரியாதையாக அடக்கம் செய்துவிடுவது நலம்.

கருவியை வைத்து இனம் பிரிக்கலாமே என்று ஒரு தடை எழும். நம் பழைய இசை நூல்கள் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று கருவிகளைப் பகுத்தன. ஐரோப்பாவில் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914இல் நான்காகப் பகுத்தார்கள். பின்பு 1940இல் சாக்ஸ், மின்கருவி என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்தப் பகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லெட் ஸெப்பெலின் மேடைக்குப் போனால் திகைப்பே மிஞ்சும். ஜிம்மி பேஜின் கிடார் ஆம்ப் இல்லாவிட்டால் முனகும். ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் அதுவும் செய்யாது. ஜான் பானமின் டிரம்ஸ் மட்டும் மின்வெட்டிலும் அதே டிரம்ஸ். தோல், மரச்சட்டம், வெண்கலத் தட்டு, அவற்றை அடிக்க ஒரு மனிதர். ராக் குழு ஒன்றில், எந்த நாளும் எந்த மேடையிலும், கலப்படமில்லாத அக்கூஸ்டிக் கலைஞர் ஒருவர் உண்டென்றால் அவர் டிரம்மர்தான். (விபத்தில் இடக்கையை இழந்தபின் மின்னணு டிரம்ஸ் வாசிக்கக் கற்ற டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலனை மட்டும் இந்த விதியிலிருந்து வணக்கத்தோடு விலக்கிவைக்கிறோம்.)

நிலைமை இப்படியிருக்க, அக்கூஸ்டிக் நிகழ்ச்சி என்றதும் முதலில் யாருக்கு வாய்ப்பூட்டு? அதே டிரம்மருக்கு. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கையில் பிரஷ்ஷைக் கொடுப்பார்கள், அல்லது வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள். 1993 நவம்பரில் நியூயார்க்கில் ‘எம்டிவி அன்பிளக்டு’ என்ற அக்கூஸ்டிக் தொலைக்காட்சித் தொடருக்கான நிர்வாணா குழுவின் பதிவுக்கு ஒத்திகை நடந்தபோது, டிரம்மர் டேவ் குரோல் அடிக்கும் அடி எல்லாரையும் அமுக்கிவிடும் என்ற கவலை வந்தது. தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி பிரஷ்ஷும் மெல்லிய குச்சிக் கட்டுகளும் வாங்கி, பரிசுத்தாளில் சுற்றிக் குரோலிடம் கொடுத்தார். அக்கூஸ்டிக் விழாவில் அக்கூஸ்டிக் கருவி அடக்கிவைக்கப்பட்ட கதை இது.

அதே மேடையில், அதே மாலையில், இன்னொன்றும் நடந்தது. குழுவின் பாடகர் குர்ட் கோபெய்னின் கிடார் 1959இல் செய்த மார்ட்டின் டி-18இ. தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தி, மொத்தம் 302 மட்டுமே செய்யப்பட்ட வகை. அதன் ஒலி தமக்குப் பழகிய ஃபெண்டர் ஆம்ப் வழியாக வராவிட்டால் அவருக்குத் தெம்பில்லை. நிகழ்ச்சியின் பெயரோ ‘பிளக் பிடுங்கியது’. என்ன செய்வது? ஆம்புக்கு முன்னால் ஒரு பொய்ப் பெட்டியைச் செய்து வைத்து, சாதாரண மானிட்டர்போலத் தோன்றும்படி மறைத்தார்கள். டேவிட் போவியின் பாட்டு ஒன்றுக்கு டிஸ்டார்ஷன் பெடலும் உண்டு. அதைக் கேட்டவர்கள் இன்றுவரை அந்தப் பாட்டை அக்கூஸ்டிக் வாசிப்பின் சிகரம் என்றே போற்றுகிறார்கள். எனக்கும் ஆட்சேபம் இல்லை, நானும் போற்றுபவன்தான். 2020 ஜூனில் அந்தக் கிடார் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கியவர் ரோட் நிறுவனத்தின் நிறுவனர் பீட்டர் ஃபிரீட்மன். ரோட் செய்து விற்பது மைக்ரோஃபோன். அன்பிளக்டு மரபின் நன்றிக்கடனை இதைவிட முறையாக யாரும் தீர்த்திருக்க முடியாது.

மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை என்றால் எஞ்சுவது என்ன? நிழற்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் புலப்பட்ட உண்மையை மரபு வழுவாது ஒரு நூற்பாவாகவே தருகிறோம்:

அமர்ந்து வாசிப்பது அக்கூஸ்டிக் ஆகும்;
எழுந்து வாசிப்பின் எலெக்ட்ரிக் என்ப.

உரை: அமர்தலாவது ஸ்டூல், நாற்காலி, தரை ஆகியவற்றில் பின்பாகம் பொருந்துதல். ‘என்ப’ என்றதனால் இது யாம் கட்டியதன்று, மேடை வழக்கே என்பது பெறப்படும்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. எரிக் கிளாப்டன் 1992 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரே ஸ்டுடியோவில் அன்பிளக்டு தொடருக்காக உட்கார்ந்தார். 1970இல் நின்றுகொண்டு அலறிய ‘லைலா’வை உட்கார்ந்து, நிதானமாக, அடுத்த வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தராத குரலில் பாடினார். மறு ஆண்டு கிராமி விழாவில் 22 வயதான அந்தப் பாட்டுக்குச் ‘சிறந்த ராக் பாடல்’ விருது கிடைத்தது. அவர் அன்று மொத்தம் ஆறு விருதுகளோடு வீடு திரும்பினார். பாட்டில் மாறியது பெரும்பாலும் இடுப்பின் கோணம்தான். கோபெய்ன் அமர்ந்தது சுழலும் அலுவலக நாற்காலியில். அல்லி மலர்களுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அமர்ந்தாரா, போதும்.

எதிர்மறைச் சான்று இன்னும் வலுவானது. 1992இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இதே தொடருக்கு வந்தார். அக்கூஸ்டிக் கிடாரோடு தனியாக ஒரு பாட்டுப் பாடினார். பிறகு முழுக் குழுவையும் அழைத்து எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, வழக்கம்போல் முழங்கிவிட்டார். வெளியீட்டில் ‘அன்பிளக்டு’ என்பதன் ‘அன்’னை அடித்துவிட்டு ‘பிளக்டு’ என்றே போட வேண்டியதாயிற்று. நூற்பாவின் இரண்டாம் அடிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அமரும் உயரம் குறையக் குறைய அக்கூஸ்டிக் தன்மை கூடும் என்பது ஒரு துணைவிதி. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிடாரோடு காதைப் பிளந்த ஜான் மெக்லாலின், 1970களின் நடுவில் சக்தி குழுவைத் தொடங்கியபோது சம்மணமிட்டுத் தரையிலேயே அமர்ந்துவிட்டார். பக்கத்தில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். மின்வெட்டுச் சோதனையில் கடத்துக்கு நூற்றுக்கு நூறு. இந்தத் துணைவிதிப்படி மார்கழிக் கச்சேரிகள் யாவும் தாமாகவே அக்கூஸ்டிக் ஆகிவிடும். வீணையில் ஒட்டிய காண்டாக்ட் மைக்கும், மிருதங்கத்தின் இருபுறமும் நிற்கும் மைக்குகளும், ‘மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்க’ என்று பல்லவிக்கு நடுவே எழும் கையசைப்பும் இதற்குத் தடையாகா. யு. ஸ்ரீநிவாஸின் எலெக்ட்ரிக் மாண்டலினும் அமர்ந்தே வாசிக்கப்பட்டதால் தப்பியது.

தடைகள் உண்டு; மறைக்கவில்லை. கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் ஆயுள் முழுக்க ஸ்டூலில் அமர்ந்து எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர். அவர் கூட்டத்தின் பக்கம் சிரிப்பதும் அரிது. பாவனைகள் எதற்கும் ஆட்படாதவரை விதிக்குள் அடைக்க முயல்வது வீண். பின்னாளில் டிரம்ஸிலிருந்து கிடாருக்கு மாறிய டேவ் குரோல் விஷயம் கடுமையானது. 2015 ஜூனில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் மேடையிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார்; கட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தபடியே நிகழ்ச்சியை முடித்தார். பின்பு கிடார்க் கழுத்துகளும் விளக்குகளும் பொருத்திய ராட்சத சிம்மாசனம் ஒன்றைச் செய்வித்து, சுற்றுப்பயணம் முழுவதும் அதில் அமர்ந்து முழு ஒலியில் எலெக்ட்ரிக் கிடாரை அலறவிட்டார். அடுத்த ஆண்டு கால் முறிந்த பாடகர் ஆக்ஸல் ரோஸுக்கு அதைக் கடனாகவும் கொடுத்தார். 1993இல் தம் கையில் பிரஷ்ஷைத் திணித்த கொள்கையை 22 ஆண்டு காத்திருந்து பழிவாங்கினார் என்றே இதைக் கொள்ள வேண்டும். சிம்மாசனம் நாற்காலியாகாது என்று வாதிட்டுத் தப்பலாம். ஆனால் அது சட்ட வழி, அறிவு வழியன்று.

‘டிரம்மர் எப்போதும் அமர்ந்துதானே இருக்கிறார்?’ என்பது கடைசித் தடை. இதற்கு விடை ஆப்பிரிக்க வழியினர் பெருவில் உருவாக்கிய கஹோன் என்னும் மரப்பெட்டி. 1970களின் பிற்பகுதியில் கிடார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதைப் பெருவிலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் ஃபிளமெங்கோவில் சேர்த்தார். இன்று அது இல்லாத அக்கூஸ்டிக் ராக் மேடை குறைவு. வாசிப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து, முன்பலகையை அறைகிறார். இருக்கையே கருவி, கருவியே இருக்கை. டிரம்மர் இவ்வளவு காலம் உட்கார்ந்தும் பலனில்லாமல் போனதற்குக் காரணம், அவர் உட்கார்ந்தது தவறான பொருளின்மேல் என்பது இதனால் விளங்கும்.

இனி, இந்தத் துறவுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி வந்தது என்பது. 1989 ஜூலையில் மில்லி வனில்லி இரட்டையர் கனெக்டிகட் மேடையொன்றில் வாயசைத்துக்கொண்டிருந்தபோது பின்னணி டேப் சிக்கிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. செப்டம்பரில் எம்டிவி விருது மேடையில் ஜான் பான் ஜோவியும் ரிச்சி சம்போராவும் வெறும் அக்கூஸ்டிக் கிடார்களோடு இரண்டு பாட்டுப் பாடினார்கள். நவம்பரில் அன்பிளக்டு தொடங்கியது. பாடகருக்குப் பாடத் தெரியும் என்பதற்கே அத்தாட்சி தேவைப்பட்ட ஆண்டு அது. கிடார் மரத்தால் ஆனது, விரல் கம்பியில் படுகிறது, முகத்தில் வலி தெரிகிறது: நம்பலாம்.

இந்த நம்பிக்கை புதிதன்று. அதற்கு 24 ஆண்டு முன்பே, 1965 ஜூலை 25இல், நியூபோர்ட் நாட்டுப்புற விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடு ஏறியபோது கூச்சல் எழுந்தது. சொற்கள் காதில் விழாமல் ஒலி சிதைந்ததால், கோடரி கிடைத்தால் மைக் கேபிளை வெட்டிவிடுவேன் என்ற நிலைக்கு வந்தார் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். கவனிக்க: அவர் குறிவைத்தது மைக் கேபிளை. அதை வெட்டியிருந்தால் எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப் வழியாகத் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும். அற்றுப்போயிருக்கக்கூடியது டிலனின் குரல் மட்டும்.

அக்கூஸ்டிக் என்ற நிபந்தனை முழுவதையும் நிறைவேற்றிய கலைஞர் எவரேனும் உண்டா என்று தேடினால், இருவர் அகப்படுகிறார்கள். ஒருவர், 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃபிரீ டிரேட் ஹாலில் டிலனைப் பார்த்து ‘யூதாஸ்!’ என்று கத்தியவர். ஆம்ப்களின் இரைச்சல் ஓய்ந்த ஓர் இடைவெளியில், மைக் இல்லாமல், வெறும் மிடற்றுக்கருவியால் மண்டபத்தை நிறைத்தார். 1998இல் வெளியான பதிவிலும் தெளிவாகக் கேட்கிறது. அந்தக் குரல் தம்முடையது என்று பின்னாளில் ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கொண்டாடினார்கள். அக்கூஸ்டிக் நிகழ்ச்சியின் மதிப்புக்கு அதுவே அளவுகோல்.

மற்றவர் லியம் கேலகர். 1996 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஓயாசிஸ் குழுவின் அன்பிளக்டு பதிவு. தொண்டை சரியில்லை என்று அவர் கடைசி நேரத்தில் பாட மறுத்துவிட, அண்ணன் நோயல் எல்லாப் பாட்டையும் தாமே பாடினார். தம்பியோ வீட்டுக்குப் போகாமல் பால்கனியில் உட்கார்ந்து, கையில் பீரும் வாயில் சிகரெட்டுமாக, பாட்டுக்குப் பாட்டு இடையே அண்ணனை நையாண்டி செய்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மைக் இல்லை, பிக்கப் இல்லை, பேட்டரி இல்லை. மின்வெட்டு வந்திருந்தாலும் அவர் நிறுத்தியிருக்கப் போவதில்லை. அந்த மண்டபத்திலேயே விதிகளுக்கு முழுதும் உட்பட்டு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். எம்டிவி கேமராக்கள் என்னவோ மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.