முந்தல் கரையில் ஒதுங்காத மாயாவி

புத்தளம் பக்கம் எங்கள் முந்தல் கரையில் அப்பன் செத்தால் மகன் தோணியில் ஏறுவான். அதே தோணி, அதே வலை, அப்பன் கட்டிய சாரம் கிழியாமல் இருந்தால் அதுவும். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அறுபது வருசமாக ஒரே ஆள்தான் கடலுக்குப் போய் வருகிறான் என்று தோன்றும். அதற்காக அவரைச் சாகாவரம் பெற்றவர் என்று முந்தலில் யாரும் சொன்னதில்லை. பிழைப்பு என்றுதான் சொல்வோம். இதே வேலையை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இருபத்தொரு தலைமுறை செய்தது. ஒரே உடுப்பு, ஒரே முகமூடி, ஒரே குகை. உலகம் அவர்களை ‘நடமாடும் ஆவி’ என்று கும்பிட்டது. விளம்பரம் இருந்தால் கருவாடும் கற்கண்டு.

ஆள் யாரென்று தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் ஃபேண்டம். சிவகாசி முத்து காமிக்ஸில் முகமூடி வேதாளன். ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. இதில் ஒரு சிக்கல். 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்தபோதே அதன் முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. அவர் வேறு ஆள், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கையை மட்டும் அந்தரத்தில் விட்டுவிட்டு மறைந்துபோகும் பிரித்தானியர். ஆகத் தமிழில் இரண்டு மாயாவி. ஒருவருக்கு மறையத் தெரியும், முகமூடி கிடையாது. மற்றவருக்கு முகமூடி உண்டு, மறையத் தெரியாது. ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடைக்காரர், தோணிக்காரர் என்று பிரித்துக் கூப்பிடுவது வழக்கம். அந்த முறைப்படி நாங்கள் ஒருவரைக் ‘கை மாயாவி’ என்றோம். மற்றவருக்கு வைத்த பெயர் அவர் காற்சட்டைக்கு மேலே போட்டிருந்த கோடுபோட்ட ஜட்டியைப் பற்றியது. அச்சில் வேண்டாம்.

முகமூடி மாயாவியின் கதைப்படி எல்லாம் தொடங்கியது 1536இல். கொலம்பஸின் கப்பலில் எடுபிடியாக இருந்த பையன் வளர்ந்து, தானே கப்பல் தலைவனாகி, மகனையும் கூட்டிக்கொண்டு கீழைக் கடலுக்கு வருகிறான். சிங் கொள்ளையர் மறிக்கிறார்கள். அப்பன் சாக, மகன் மட்டும் கரை ஒதுங்குகிறான். காட்டுக் குள்ளர்கள் கஞ்சி ஊற்றித் தேற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் ஒரு பிணமும் ஒதுங்குகிறது, அப்பனின் உடுப்போடு. கொன்றவன் இவன்தான் என்று முடிவுகட்டி, அவன் மண்டையோட்டைக் கையில் ஏந்தி, தானும் தன் வம்சமும் கடற்கொள்ளையை ஒழிப்பதாகச் சத்தியம் செய்கிறான். இன்னும் பிறக்காத இருபது பேருக்கும் சேர்த்து வேலை எடுத்துக்கொடுத்த ஒரே தகப்பன் இவன்தான். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு வேலை எடுக்கவே எத்தனை பேர் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது!

சரி, 1536இல் இந்தக் கடலில் ஆங்கிலேயக் கப்பல் ஏது? ஜேம்ஸ் லங்காஸ்டரின் கப்பல் காலிப் பக்கம் தலைகாட்டியதே 1592இல்தான். மாயாவியின் அப்பன் ஐம்பத்தாறு வருசம் முந்தி வந்துவிட்டான். அவசரக்காரன். அப்போது இந்தக் கடலில் மோதிக்கொண்டிருந்தவர்கள் போர்த்துக்கேயப் பறங்கியரும் மரைக்காயர்மாரும். கதையை விட்டுவிட்டு நிஜத்தைப் பார்த்தால் அதுதான் பெரிய வேடிக்கை. 1538இல் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவக் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மரைக்காயர் கடற்படை புறப்பட்டு வருகிறது. மண்டபத்துக்குப் பக்கத்தில் பறங்கித் தளபதி மார்ட்டிம் அபொன்சோ டி சூசா அதை மடக்கி அடிக்கிறான். சண்டை நடந்த ஊரின் பெயர் வேதாளை. நிஜமான தோணிகளும் நிஜமான பிணங்களும் நிஜமான வேதாளையும் நமக்கு நேரே அக்கரையில் இருக்க, வேதாளன் மட்டும் அமெரிக்காவில் போய்ப் பிறந்தான்.

ஒருவேளை அந்தப் பையன் முந்தல் பக்கமே ஒதுங்கியிருந்தால்? பறங்கியர் 1505இல் கொழும்பில் இறங்கியபோது, வெள்ளைக் கல்லைத் தின்று இரத்தம் குடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று கோட்டை அரசனுக்குத் தகவல் போனதாக ராஜாவலிய என்ற பழைய சிங்கள நூல் சொல்கிறது. கல் பாண், இரத்தம் வைன். அந்தச் செய்தி வந்து முப்பது வருசத்தில் இன்னொரு வெள்ளை முகம், கையில் மண்டையோட்டுடன் கடற்கரையில் நின்று சத்தம் போட்டால் எங்கள் முன்னோர் என்ன செய்திருப்பார்கள்? முதலில் வேப்பிலை. அப்புறம் நாலு பேர் சேர்ந்து கரைவலை இழுக்க விட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் சத்தியம் மறந்திருக்கும்.

முகமூடி மாயாவியைப் படைத்தவர் லீ ஃபாக். 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கை எழுதி, 1936 பெப்ரவரி 17இல் பத்திரிகைத் தொடராக இவரை இறக்கினார். உலகமெல்லாம் சுற்றித் திரிந்தவர் என்று தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். அது கதை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். தொடங்கும்போது முகமூடிக்குள் இருப்பது ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார உல்லாசி என்றுதான் அவர் மனதில் இருந்தது. பாதிக் கதையில் அது பிடிக்கவில்லை. காட்டையும் நானூறு வருசத்தையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஜிம்மியை அப்படியே அம்போ என்று விட்டுவிட்டார். இரண்டு வருசம் கழித்துத்தான் சூப்பர்மேன் வந்தார். உடம்போடு ஒட்டிய உடுப்பும் கருமணியில்லாத வெள்ளைக் கண்ணும் நம் ஆள் தொடக்கிவைத்த சீர்.

அந்த உடுப்பின் நிறம் தனி வழக்கு. ஃபாக் நினைத்தது சாம்பல் நிறம். காட்டில் ஒளிகிறவனுக்கு அது சரிதான். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அச்சகத்தில் யாரோ ஊதாவைப் பூசிவிட்டார்கள். பச்சைக் காட்டில் ஊதா மனிதன். ஒளிந்தால் புத்தளத்திலிருந்து தெரியும். இத்தாலிக்காரன் சிவப்பாக்கினான், சுவீடன்காரன் நீலமாக்கினான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிறம், ஒருவனும் படைத்தவனைக் கேட்கவில்லை. 1943இல் கொலம்பியா நிறுவனம் டாம் டைலரை வைத்துப் பதினைந்து பாகத் திரைப்படம் எடுத்தபோதுதான் அவர் மீண்டும் சாம்பல் ஆனார். படம் கறுப்பு வெள்ளை என்பதுதான் காரணம். அதன் தொடர்ச்சியை எடுக்கப் போனவர்களுக்கு உரிமை கைநழுவிப்போனது தெரியவர, எடுத்ததை வீணாக்க மனமில்லாமல் உடுப்பை மாற்றித் திரும்பப் பிடித்து, 1955இல் ‘கேப்டன் ஆப்பிரிக்கா’ என்று விற்றார்கள். இன்னொருவன் வலையில் பட்ட மீனுக்குப் பெயர் மாற்றி விற்கிற வித்தையை நாங்கள் மட்டும்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

இந்தியாவுக்கு வந்தபோது நடந்தது இதைவிட நல்லது. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஒஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. முதல் இதழே இவர். ஆனால் அவருடைய நாடு பெங்கல்லா என்றால் வங்காளத்தைச் சொல்வதாகிவிடும், ஆகவே டெங்காலி. சிங் கொள்ளையர் என்றால் சீக்கியர் கோபிப்பார்கள், ஆகவே சிங்கா. மாயாவியின் முன்னோர் ஒருவரை முதுகில் குத்தியவனின் பெயர் ராமா. அதை எப்படி விடுவது? ராமாலு ஆக்கிவிட்டார்கள். நல்லவேளை. இராவணனைக் கொன்ற பாவம் தீர இராமர் வந்து வணங்கியதாகச் சொல்லும் முன்னேஸ்வரம் எங்களுக்குப் பக்கம். ஒரு கொலைக்கே அவ்வளவு தூரம் பரிகாரம் செய்தவர்மேல் இன்னொரு கொலையைப் போடுவது நியாயமில்லை. இதற்கிடையில் நாடே ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. புலிகள் மட்டும் கூடவே போய், மாயாவியின் ஈடன் தீவில் மான்களோடு சமாதானமாக மீன் தின்று வாழ்ந்தன. யார் மீன் கொடுத்தது என்று தெரிந்தால் விலை பேசலாம்.

கார்ட்டூன்காரர்களுக்குக் கணக்கு வராது. காமிக்ஸில் நம் ஆள் இருபத்தொன்றாமவர். 1986இல் வந்த ‘டிஃபெண்டர்ஸ் ஒஃப் தி எர்த்’தில், கதை நடக்கும் 2015இல், இருபத்தேழாமவர். 1994இல் வந்த ‘ஃபேண்டம் 2040’இல், பெயரிலேயே வருசம் இருக்கிறது, இருபத்துநான்காமவர். இருபத்தைந்து வருசம் போக மூன்று தலைமுறை குறைந்திருக்கிறது. போதாததற்கு, காமிக்ஸில் பத்துப் புலியின் பலம் என்பது பேச்சுக்குச் சொன்னது. கார்ட்டூனில் நிஜமாகவே கூப்பிட்டால் பலம் வந்து இறங்குகிறது. சாமியாடி மாதிரி. ஆடி மாதம் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஒட்டுடுப்பு கிடையாது, கார்ட்டூனும் கிடையாது.

1996இல் பில்லி ஜேன் நடித்து வந்த ஃபேண்டம் படத்தை வாடகை வீடியோவில் பார்த்தேன். ஊதா உடுப்பு, குதிரை, மண்டையோடு எல்லாம் இருந்தன. கோடுபோட்ட ஜட்டியைக் காணோம். எழுந்து போய்விட்டேன். படம் அமெரிக்காவிலேயே ஓடவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்த மாயாவி ஊருக்குப் போகும் மாயாவிதான். முகமூடிக்குப் பதில் கறுப்புக் கண்ணாடி, கட்டம்போட்ட நீளக் கோட்டு, தொப்பி, பெயர் மிஸ்டர் வாக்கர். பக்கத்தில் ஓநாய். நாயா என்று கேட்டால், இல்லை, ஓநாய் என்பார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தக் கோலத்தில் அவர் சித்திரை வெயிலில் முந்தல் ஸ்டேஷனில் கோச்சியை விட்டு இறங்கினால் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர் சூழ்ந்து, எந்த ஊர், யார் வீட்டுக்கு, தம்பிக்குக் காய்ச்சலா என்று கேட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, முழு வம்ச வரலாற்றையும் வாங்கியிருப்பார்கள். நானூறு வருச இரகசியம் ஒரு இளநீருக்குத் தாங்காது.

1970களில் தென்னிந்தியப் பத்திரிகைகள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், அக்கரை போய் வந்த யாரோ கொண்டுவந்து, ஏழெட்டுக் கை மாறி என்னிடம் சேர்ந்த வேதாளன் புத்தகம் ஒன்று உண்டு. உப்புக் காற்றில் அட்டையின் ஊதா வெளுத்து, ஃபாக் கேட்ட சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. வேதாளன் குகை வாசலில் நிற்கிறார், பின்னால் ஒருவன் கத்தியை ஓங்குகிறான். அவ்வளவுதான். முத்து காமிக்ஸ் பழைய பிரதி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பக்கத்தில் என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.