விட்ட இடம்

அண்ணன் திரும்ப வந்துவிட்டார். தோளில் புதுப் பிரம்பு. போன தடவை வாங்கியது வீட்டில் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுக்கிறதாம்.

அரியாங்குப்பத்தில் சிலம்பம் கற்றவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. ஆடிக்கு முன்னால் வருவார். வீராம்பட்டினம் தேர் நிலைக்கு வந்ததும் அவரும் நிலைக்குப் போய்விடுவார்.

வந்ததும் வராததுமாக, "மாஸ்டர், விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சிடலாம்" என்பார். எங்கே விட்டார் என்பதுதான் வழக்கு. அலங்கார வீச்சில் என்பது அவர் கணக்கு. காலடியில் வீடு கட்டப் பழகும்போதே காணாமல் போனார் என்பது மாஸ்டர் கணக்கு. திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் கொஞ்சம் முன்னேறியிருக்கும். வராத மாதங்களில்தான் அண்ணன் நிறையக் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை சுருள்வாளில் விட்டதாகச் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

வணக்கம் போடுவதெல்லாம் கச்சிதம். கை மறக்கவில்லை, காலடிதான் போச்சு. கம்பை ஓட்டுவது இடுப்பும் காலும். கால் ஓர் அடி பிந்தினால் கம்பு சொந்தக் காதைத் தேடி வரும். வந்தது. உடனே கம்பை நிமிர்த்திப் புருவத்தோடு அளந்து பார்த்தார். "ஒரு வெரக்கடை நீளம், மாஸ்டர்." அடுத்தது முழங்காலில். "கனம் ஜாஸ்தி." மூன்றாவது அடிக்குக் குற்றவாளி, திடல் மணல்.

செய்தித்தாளும் அவரை இழுத்து வரும். 2021இல் தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தபோது வந்தார். நாம் புதுச்சேரி என்று யாரோ நினைவூட்ட, போனார். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டானதும் மறுபடி வந்தார். அது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அண்ணன் மகனுக்கே 19.

நல்ல மனுஷன்தான். பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கித் தருவது அவர் ஒருவரே.

ஆனால் மூச்சு வாங்கினால் உட்கார வேண்டாமா? அடுத்தவரைத் திருத்தக் கிளம்பிவிடுகிறார். மழை, பரீட்சை எதற்கும் நிற்காமல் வருகிற எட்டாம் வகுப்புப் பெண்ணின் கம்பைப் பிடுங்கி, "இப்டிப் புடி பாப்பா" என்று தப்பாகப் பிடித்துக் காட்டுகிறார். பெரியவர் சொன்னாரே என்று அவளும் பிடிக்கிறாள். அதை மாற்ற மாஸ்டருக்கு ஒரு வாரம் போகிறது.

அண்ணே, எத்தனை தடவை வேணாலும் விட்டுட்டு வாங்க, யாரும் கேக்கல. பின்வரிசையில நின்னு காலடி போடுங்க. பாப்பா கம்பைத் தொடாதீங்க.