டீக்கடை மே/பா

மருமவனே, இங்கன வந்து உக்காரு. உப்பு யாவாரத்துக்குப் புது அட்டை அடிச்சிருக்கியாமே, காட்டு. தங்கக் கலர் எழுத்து, மேல திருச்செந்தூரான், கீழ அம்பாரம் படம். ஜோருதாம்டே. அடியில என்னது, கடைப்பேரு, ஒரு நம்பரு, அட் ஜிமெயிலா? ஆறுமுகநேரியில மூணு தலைமுறையா அளம் வச்சிருக்க குடும்பம், கடுதாசி வாங்க மட்டும் டீக்கடை மே/பா!

எங்க காலத்துல விலாசம்னா தெருவும் கதவு நம்பரும் மட்டும் இல்ல, யாவாரிக்கு உண்டான முதலெழுத்து. மூட்டையில அதைப் பாத்தாலே யார் சரக்குன்னு வெளியூர்க்காரன் சொல்லிருவான். லாரி மாறும், புரோக்கர் மாறுவான், விலாசம் மாறாது.

1995 ஆகஸ்ட் 15-ல வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட பொறவு, அவன் பேர்ல மெயில் வச்சிருந்தா பெரிய மனுசன்னு அர்த்தம். 2002-ல கம்பெனி டாடா கைக்குப் போச்சு. 2008-ல பேரே மாறிட்டு. அந்தப் பழைய மெயில் விலாசத்தைக் கடை போர்டுல பெயிண்ட் அடிச்சவன் என்ன செய்ய? கூகுள்காரனும் ரெண்டு வருசம் எட்டிப் பாக்காத கணக்கை 2023 டிசம்பர்ல இருந்து அழிக்கான். ஓசி பெஞ்சுதானே, தூக்கினா சண்டைக்கா போவே?

அதனால கடைப்பேர்லயே சொந்த டொமைன் வாங்கு. அதுல பேரு ஒருத்தன்கிட்ட, பெட்டி இன்னொருத்தன்கிட்ட. எம்.எக்ஸ்.னு ஒரு வரி இருக்கு. கடுதாசியை எவன் வாசல்ல இறக்கணும்னு அது சொல்லும். பெட்டிக்காரன் மொரண்டு பிடிச்சா அந்த வரியை மாத்து. பழைய கடுதாசியை மட்டும் மறக்காம அள்ளிக்கோ.

உடனே மீசையை முறுக்காதே. சொந்தம்ங்கியே, அதுக்குப் பட்டா கிடையாது. சர்க்கார் அளம் மாதிரி குத்தகைதான். பத்து வருசத்துக்கு மேல ஒரேயடியாக் கட்டவும் முடியாது. தவணை தப்பினா பேரு சந்தைக்கு வந்திரும். 1999 கிறிஸ்மஸ் சமயம் மைக்ரோசாப்ட்டே 35 டாலர் கட்ட மறந்து, ஹாட்மெயிலுக்கு வாசலா இருந்த பாஸ்போர்ட்.காம் படுத்திட்டு. ஹாட்மெயில்காரங்க பலபேரு உள்ள போக முடியாம நின்னாங்க. கடைசியில சம்பந்தமே இல்லாத ஒருத்தன் தன் கைக்காசைக் கட்டிவிட்டான். உனக்கு எவன்டே கட்டுவான்? மழைக்கு முந்தி அம்பாரத்துக்கு ஓலை போடத் தெரியுதுல்லா, இந்தத் தேதியையும் காலண்டர்ல குறிச்சு வை.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் கடைப் பையன் "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி"ன்னு அவன் பேர்ல பதிஞ்சிரப் போறான். நாளைக்கு அவன் துபாய்க்குப் பிளைட் ஏறிட்டா, உன் விலாசமும் கூடவே ஏறிரும்.

அட்டையைக் கிழிச்சுப் போடு. அந்த ஓசி ஜிமெயிலை மட்டும் மூடிராதே. தவணை தப்பி டொமைன் படுத்திட்டுன்னா, "காசு கட்டு"ன்னு வார நோட்டீசை அந்த டொமைன் பெட்டியிலயா போய்த் தேடுவே? அது டீக்கடைக்கு வரட்டும்.