பச்சை விளக்கை நம்பாதே

மின்னணுச் சாமான்களில் பச்சை விளக்கைப் போலப் பொய் சொல்லக்கூடியது வேறில்லை. கரன்ட் வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மற்றதெல்லாம் நாமாக நினைத்துக்கொள்வது.

பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாவின் மூடியில் துளைபோட்டு, பட்டன்களும் ஒரு வால்யூம் திருகும் பொருத்தி, உள்ளே அர்டுயினோ நானோ போர்டு ஒன்றை ஒட்டி, மிடி கன்ட்ரோலர் செய்திருந்தேன். இதிலிருந்து சத்தம் வராது. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்று யுஎஸ்பி வழியாகக் கணினிக்குச் சேதி சொல்லும், அவ்வளவுதான். சொல்லவில்லை. விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

“சாமி மாடத்துல வச்சுடேன், எண்ணெய்ச் செலவு மிச்சம்” என்றாள் அம்மா.

முதலில் மாட்டியது வயர். பழைய ஸ்பீக்கரோடு வந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும். தகவல் போகவேண்டிய பச்சை, வெள்ளைக் கம்பிகளே இல்லை. சார்ஜ் ஏற்ற மட்டும் பிறந்த வயர். ரிச்சி தெருவில் வேறு வாங்கி வந்து மாட்டி, போர்டு அனுப்புவதைத் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் ஒரு கேள்விக்குறி, ஒரு ‘<’, ஒரு சின்ன ‘டி’. எந்த பட்டனைத் தட்டினாலும் இதே ஜாதிக் கிறுக்கல்.

எஞ்சினியரிங் படிக்கும் அக்கா பையன் எட்டிப் பார்த்தான். “குப்பை டேட்டா, மாமா. நான் சரி பண்றேன்.”

உண்மையில் அது குப்பையே இல்லை. மிடியில் 144 என்றால் ‘ஒலி’, 60 என்றால் நடு ஸா, 100 என்றால் அழுத்தம். இந்த எண்களை எழுத்தாகக் காட்டச் சொன்னால் 60 ‘<’ ஆகும், 100 சின்ன ‘டி’ ஆகும், 144க்கு எழுத்தே கிடையாது. பையன் நிரலில் ‘ரைட்’ என்றிருந்ததை ‘பிரின்ட்’ என்று மாற்றினான். திரையில் 144, 60, 100 என்று பளிச்சென்று வந்தது. எங்களுக்குப் புரிந்தது, மிடிக்குப் புரியாமல் போனது. ஏனென்றால் இப்போது போவது 144 அல்ல. ஒன்று, நான்கு, நான்கு என்று மூன்று தனி எழுத்துகள். அவற்றின் எண் மதிப்பு 49, 52, 52. மிடியில் 128க்குக் கீழே இருப்பது எதுவும் கட்டளை ஆகாது. வாசலில் நின்று கத்தினாலும் கதவு திறக்காது.

பழையபடி ‘ரைட்’டுக்கே திரும்பினோம். அப்போதும் இசை மென்பொருளின் பட்டியலில் என் டப்பாவின் பெயர் இல்லை. நானோவில் யுஎஸ்பியைக் கவனிக்கிற சில்லு, தன்னைச் சீரியல் போர்ட் என்று மட்டுமே அறிமுகப்படுத்திக்கொள்ளும். மிடி கருவி என்று சொல்லிக்கொள்ள அதற்கு வராது. மிடி பிறந்த புதிதில், 1983 ஜனவரியில் அனஹைம் இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சின்தசைசர்களை ஒரு வயரில் கோத்து, ஒன்றைத் தட்டினால் மற்றதும் பாடும்படி செய்துகாட்டினார்களாம். அன்று யுஎஸ்பியே கிடையாது. கொடுத்துவைத்தவர்கள்.

யுஎஸ்பி பேசத் தெரிந்த 32யு4 சில்லு உள்ள புரோ மைக்ரோ போர்டை வாங்கி மாற்றினேன். பட்டியலில் பெயர் வந்தது. ஒரு பட்டனை அழுத்தியதுமே வயலின் ஒலி தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டாவது திருகுக்கென்று நிரலில் ஒதுக்கியிருந்த பின்னில் எதுவும் இணைக்கவில்லை. அது காற்றில் இருக்கிற மின் இரைச்சலையெல்லாம் பொறுக்கி, ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

“கமகம் நல்லாத்தான் இருக்கு. நீ கை வைக்காதே.”