நாலு வழிச் சாலையில் ஓடுகிறவர்கள்

எண்பதுகளில் திருச்சுழிப் பக்கம் ஒருவன் காலங்காத்தாலே ஓடினால், "ஏப்பா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். கேதம் சொல்ல ஓடுவார்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒற்றையடிப் பாதை, சீமைக்கருவேல முள், வெறுங்கால். மழை பெய்துவிட்டால் அந்த ஓட்டமும் கிடையாது. கரிசல் அடிக்கு அடி காலோடு எழுந்து வரும். அதையெல்லாம் யாரும் விளையாட்டு என்று சொன்னதில்லை.

அதற்குச் சில வருஷம் முன்புதான் சிவ்நாத் சிங் என்ற ராணுவ வீரர், பாதத்தில் டேப் மட்டும் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு மாரத்தான் ஓடினார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11ஆம் இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியராலும் அதை முந்த முடியவில்லை. வெறுங்காலோடு ஓடிய எங்களுக்கு அவர் பெயரை ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்று விடிவதற்கு முன்னால் அருப்புக்கோட்டையை ஒட்டிய மதுரை–தூத்துக்குடி நாலு வழிச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், பட்டாசு ஆலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளும் கூட்டமாக ஓடுகிறார்கள். போலீஸ் வேலைக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அன்று ஓடியவனைத் தடுத்து விசாரித்த ஊர், இன்று செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறது. எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். ஆனால் வேலை கிடைத்தவன் மறுநாளே ஓட்டத்தை விட்டுவிடுகிறான். கிடைக்காதவன் வயது வரம்பு தாண்டியதும் விடுகிறான்.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த மேடைக்கு முன்னால் முடியும்படி அளந்த தூரம். 1921இல் அதுவே நிலைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அளந்து கொடுத்திருப்பது 1,500 மீட்டர்.

புதுக்கோட்டையும் காய்ந்த சீமைதான். அங்கே பயிற்சியாளர் லோகநாதன் பிள்ளைகளை விடாமல் ஓடவைத்தார். அவரிடம் பழகிய எல்.சூர்யா 2016 தெற்காசியப் போட்டியிலும், ஜி.லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசிய தடகளப் போட்டியிலும் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார்கள். நெஞ்சும் காலும் எங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு. கூட நின்று சொல்லிக்கொடுக்க ஒருவரும், கண்மாய்க்கரையில் ஒரு நல்ல மண்பாதையும் போதும், தொடங்கிவிடலாம்.

அதுவரை அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் ஓடியாக வேண்டும். விடியற்காலையில் அந்த வழியே வண்டி ஓட்டி வருகிறவர்கள், தயவுசெய்து ஹெட்லைட்டைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து வாருங்கள்.